பத்திரம் எங்கே பதிவாகிறது, ஏன் பதிவாகிறது: மனை வாங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

அப்பா 1987-இல் ஆறு செண்ட் மனை வாங்கினார். 2019-இல் அதற்குப் பட்டா மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, பத்திரத்தில் சர்வே எண் 113/2 என்பதற்குப் பதில் 112/3 என்று இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் அந்த இடத்தில் குடியிருந்து வீட்டு வரியும் கட்டியிருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. விற்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் நான்கு பேரையும் தேடிப் பிடித்து, அதில் ஒருவரை சூரத்திலிருந்து வரவழைத்து, பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு முடிக்க ஏழு மாதம் ஆனது.

அந்த அலைச்சலில் புரிந்தது இதுதான்: ரெஜிஸ்டர் ஆபீஸ் நாம் எழுதிக்கொண்டு போனதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளும், தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பையும் சேர்த்து. அது சரியா என்று பார்ப்பது நம் வேலை. பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன்.

எங்கே பதிவாகிறது

சொத்து எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கே. நீங்கள் குடியிருக்கும் ஊரோ, விற்பவரின் ஊரோ கணக்கில்லை. சொத்து இரண்டு எல்லைகளில் விழுந்தால் இரண்டில் ஒன்றில் பதியலாம். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு மேல் ஒரு மாவட்டப் பதிவாளர், எல்லோருக்கும் மேல் சென்னை சாந்தோமில் பதிவுத்துறைத் தலைவர்.

இந்த எல்லைகள் தாலுகா எல்லைகளோடு ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். கிராமங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பெரிய அலுவலகத்தை ஜாயின்ட் 1, ஜாயின்ட் 2 என்று பிரிப்பது எல்லாம் காலங்காலமாக நடக்கிறது. அதனால் இன்றைய பத்திரம் ஓரிடத்திலும், அதே நிலத்தின் 1970-களின் பத்திரம் வேறிடத்திலும் பதிவாகியிருக்கலாம். பழைய பத்திரத்தின் எண்ணைச் சொல்லும்போது அலுவலகத்தின் பெயர், ஆண்டு, எண் மூன்றும் வேண்டும். ‘1432-ஆம் நம்பர் பத்திரம்’ என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

அலுவலகத்துக்குள் ஐந்து வகைப் புத்தகங்கள் உண்டு. இப்போது எல்லாம் ஸ்கேன்தான் என்றாலும் பெயர் புத்தகம்தான். நிலம், வீடு சம்பந்தப்பட்ட கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் முதல் புத்தகம். பதிய மறுத்தால் அதற்கான காரணத்தை எழுதுவது இரண்டாவது. உயில் மூன்றாவது. மற்ற ஆவணங்கள் நான்காவது. உறையிலிட்டு ஒப்படைத்த உயில்களின் கணக்கு ஐந்தாவது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். ஆகவே நீங்கள் எடுக்கும் வில்லங்கச் சான்றில் (ஈசி, ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) உயில் வராது. இந்த ஓட்டையில் விழுந்தவர்கள் உண்டு.

ஏன் பதிய வேண்டும்

சென்னை மாகாணத்தில் பதிவுத்துறையின் கதை 1864-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. இன்று நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவும் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் சேர்ந்து சொல்வது: நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும். நூறு ரூபாய் என்ற அந்தத் தொகை நூறு வருடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. இன்று நூறு ரூபாய்க்கு எந்த ஊரில் நிலம் கிடைக்கிறது? ஆக, எல்லா நிலத்துக்கும் பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தானத்துக்கு அந்த நூறு ரூபாய் வரம்புகூட இல்லை.

பதியாத கிரயப் பத்திரம் சொத்தை உங்களுக்கு மாற்றாது. வெற்றுத்தாளிலோ முத்திரைத் தாளிலோ எழுதிக் கையெழுத்து வாங்கி, பணமும் முழுசாகக் கொடுத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் விற்றவர்தான்.

இரண்டாவது காரணம், அறிவிப்பு. பதிவான பத்திரம் ஊருக்கே தண்டோரா போட்டதற்குச் சமம். பிறகு அதே நிலத்தை வாங்க வரும் ஒருவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதால் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் மனையில் இருந்த ஆபத்தும் இதுதான். 113/2-க்கு ஈசி போட்டால் அப்பா பெயர் வராது, பழைய உரிமையாளரோடு நின்றுவிடும். அவருடைய வாரிசுகள் மனது வைத்திருந்தால் அந்த மனையை இன்னொருவருக்கு விற்றிருக்கலாம், வாங்குபவர் ஈசி பார்த்தும் ஏமாந்திருப்பார்.

மூன்றாவது, தொலைந்தாலும் தொலையாமல் இருப்பது. பத்திரம் வெள்ளத்தில் போனாலும் கரையான் தின்றாலும் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். மூலம் தொலைந்துவிட்டால், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதை அந்த நகலை வைத்தே நீதிமன்றத்தில் காட்டலாம். அரசுக்கு வருமானம் என்பது நான்காவது. அரசைக் கேட்டால் அதை முதலில் வைப்பார்களோ என்னவோ.

பதிவு எதைச் சொல்லாது

‘ரெஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி பயமில்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதை மறுபடி தெளிவாகச் சொன்னது. விற்பவரின் மூலப்பத்திரத்தை, அதாவது சொத்து அவருக்கு வந்த பத்திரத்தை, காட்டினால்தான் பதிவோம் என்ற மாநிலப் பதிவு விதி ஒன்றையும் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. விதி எப்படி மாறினாலும், அசல் மூலப்பத்திரத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பதிவான பத்திரம், பதிவான நாளிலிருந்து அல்ல, எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய அவகாசம் உண்டு. இப்போது ஒருவர் ஜூன் 1-இல் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறார், அது பதிவாகவில்லை. ஜூன் 10-இல் அதே இடத்தை உங்களுக்கு எழுதி அன்றே பதிகிறார். முதலாமவர் ஜூலையில் தன் பத்திரத்தைப் பதிந்துவிட்டால் அவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் ஜூன் 9-இல் எடுத்த ஈசி சுத்தமாகத்தான் இருந்திருக்கும்! இந்த மாதிரி வேலைக்குக் குறுக்கே நிற்பது ஒன்றுதான்: முதலாமவர் கையில் போயிருக்க வேண்டிய அசல் மூலப்பத்திரம் எங்கே என்ற கேள்வி.

படி 1: ஈசி எடுப்பது

வில்லங்கச் சான்று என்பதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஈசிதான். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். கையெழுத்திட்ட பிரதி வேண்டுமானால் கட்டணம். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். வக்கீல்கள் பொதுவாக முப்பது வருடம் கேட்பார்கள்.

உட்பிரிவு எண்ணோடு மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். 113/2 இப்போது 113/2ஏ, 113/2பி என்று உடைந்திருக்கலாம். உடைவதற்கு முந்தைய பத்திரங்கள் தாய் எண்ணில்தான் கிடக்கும். 113 என்று வெறுமனே போட்டும் ஒருமுறை பாருங்கள். பட்டியல் நீளமாக வரும், பொறுமை வேண்டும். மனைப்பிரிவு என்றால் மனை எண்ணை வைத்து வடிகட்டிக்கொள்ளலாம்.

ஈசியில் ‘உரிமை ஆவண ஒப்படைப்பு’ என்று வரி இருந்தால் பத்திரம் வங்கியில் அடகில் இருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ‘ரசீது’ பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கடன் முடிந்தும் ரசீது பதியாமல் விட்டவர்கள் ஏராளம். விற்பவரையே பதியச் சொல்லுங்கள், உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

படி 2: பத்திரங்களைப் பின்னோக்கிப் படிப்பது

விற்பவருக்கு வந்த பத்திரம், அவருக்கு விற்றவருக்கு வந்த பத்திரம் என்று சங்கிலியாக வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி காணாமல் போனால் அங்கே நில்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு சாவு இருக்கும். அப்பா இறந்து, மகன் மட்டும் விற்றிருப்பார். மகள்களின் கையெழுத்து இருக்காது. வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் விற்றிருக்கிறதா அல்லது விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கொடுத்திருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்காமல் நகராதீர்கள்.

பவர் (உரிமையாளர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தால் பவரும் போச்சு. அலுவலகத்திலும் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். ‘கிரயம் வேண்டாம், பவரே வாங்கிக்கொள்ளுங்கள், செலவு மிச்சம்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

படி 3: தாலுகா ஆபீஸ் பக்கம்

பதிவுத்துறை ஒரு வீடு, வருவாய்த்துறை பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கணக்கு), புலப்படம் (அளவுகளோடு வரைந்த நிலப் படம்) மூன்றையும் அரசின் இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, அ-பதிவேட்டில் அரசு நிலம், நீர்நிலை, கோயில் நிலம் என்று ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். அரசு, கோயில் நிலங்களைப் பதியவே கூடாது என்று தமிழ்நாட்டில் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத இடத்தையும் பதிய முடியாது.

படி 4: வழிகாட்டி மதிப்பும் பணமும்

ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் அரசு ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. இதை எழுதும்போது கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 2,400 சதுர அடி மனை, சதுர அடிக்கு ரூ. 1,000 வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை 20 லட்சம் என்று வையுங்கள். கணக்கு 24 லட்சத்துக்குத்தான். தீர்வை ரூ. 1,68,000, கட்டணம் ரூ. 48,000, மொத்தம் ரூ. 2,16,000. மதிப்பு அநியாயமாக இருக்கிறது என்று தோன்றினால் குறைத்துக் காட்டிப் பதியலாம். பத்திரம் முத்திரைத் தனித்துணை ஆட்சியரின் விசாரணைக்குப் போகும். அதுவரை அசல் உங்கள் கைக்கு வராது.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் ரூ. 40,000; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் ரூ. 10,000. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த ஒரு வரிதான் பிடி. எழுதும்போது சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

விற்பனைத் தொகை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாற்றினால் வருமான வரித் துறையின் அபராதம் காத்திருக்கும். வங்கி வழியே கொடுத்து, காசோலை எண்ணைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

படி 5: வரைவை வரிக்கு வரி படிப்பது

இதுதான் முக்கியமான நாள், பதிவு நாள் அல்ல. பத்திர எழுத்தர் ‘எல்லாம் வழக்கமானதுதான் சார்’ என்று சொல்வார். ஒரு நாள் முன்பே வரைவை வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பெயர், தகப்பனார் பெயர், முன்பத்திரத்தின் எண், ஆண்டு எல்லாம் அசலோடு ஒத்திருக்கட்டும்.

பிறகு கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள், சொத்து விவரம். அங்கே செக்குபந்தி, அதாவது நான்கு எல்லைகள், இப்படி இருக்கும்: ‘மாரியப்பன் மனைக்கும் வடக்கு, 20 அடி பொதுப்பாதைக்கும் தெற்கு...’ முதல்முறை படிப்பவர்கள் வடக்கில் மாரியப்பன் மனை என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை. மாரியப்பன் மனைக்கு வடக்கே நம் மனை இருக்கிறது. அதாவது அவர் நமக்குத் தெற்கே. பாதைதான் வடக்கே. இதைச் சிலர் தலைகீழாக எழுதி, வடக்கு வாசல் மனை தெற்கு வாசலாகிப் பதிவானதும் உண்டு. ஒரு துண்டுச் சீட்டில் நான்கு பக்கமும் படம் போட்டு, இடத்துக்குப் போய் நின்றுகொண்டு சரிபாருங்கள். அளவையும் பெருக்கிப் பாருங்கள்: நாற்பதுக்கு அறுபது என்றால் 2,400 சதுர அடி, ஐந்தரை செண்ட். பத்திரத்தில் ஆறு செண்ட் என்றிருந்தால் யாரோ கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

எங்கள் பத்திரத்தில் எல்லைகள் நான்கும் சரி, அளவும் சரி. சர்வே எண் மட்டும்தான் தப்பு. எல்லைகள் சரியாக இருந்ததால்தான் வாரிசுகள் முறைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

படி 6: பதிவு நாள்

வரைவைத் தளத்தில் ஏற்றி, கட்டணத்தை இணையத்தில் கட்டி, டோக்கன் போட்டுக்கொண்டு போக வேண்டும். எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், இரண்டு சாட்சிகள், எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை, பான் அட்டை. டோக்கன் பத்தரை மணி என்றால் அழைப்பது பன்னிரண்டரைக்கு என்றே கிளம்புங்கள். வயதானவர்கள் இருந்தால் தண்ணீர் பாட்டில், மாத்திரை. நடமாட முடியாதவர்களுக்காக வீட்டுக்கே வந்து பதிய சட்டத்தில் இடம் உண்டு, தனிக் கட்டணம் கட்டி மனுக் கொடுக்க வேண்டும்.

உள்ளே நடப்பது சில நிமிடம்தான். சார்பதிவாளர் எழுதிக்கொடுத்தவரிடம் ‘நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா, பணம் வந்ததா’ என்று கேட்பார். அவர் ஆம் என்று ஒப்புக்கொள்வதுதான் இந்த முழு நிகழ்ச்சியின் உயிர். புகைப்படம், பெருவிரல் ரேகை, கையெழுத்து, சாட்சிகள் அடையாளம் காட்டுவது, அப்புறம் பத்திரத்தின் பின்பக்கம் எண்ணும் முத்திரையும். கட்டடம் இருந்தால் நேரில் வந்து பார்த்த பிறகே பத்திரத்தை விடுவார்கள். பதிய மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய அந்த உத்தரவு வேண்டும்.

நான்கு மாத அவகாசம் தவறிவிட்டால் மேலும் நான்கு மாதத்துக்குள் அபராதத்தோடு அனுமதி கேட்கலாம். அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை போகலாம். உயிலுக்கு மட்டும் கெடு கிடையாது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்; உறையைப் பிரித்துப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம்.

படி 7: பதிவுக்குப் பின்

உட்பிரிவு தேவையில்லாத முழுப் புலம் என்றால் பட்டா மாற்றம் பதிவோடு இணையத்திலேயே போய்விடும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் பெயர் மாற்றம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு வாரம் கழித்து உங்கள் சொத்துக்கு நீங்களே ஒரு ஈசி போடுங்கள். உங்கள் பெயர், சர்வே எண், பரப்பு, எல்லைகள் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். தட்டச்சுப் பிழை அட்டவணையில் மட்டும் என்றால் மனுக் கொடுத்தே திருத்தலாம். பத்திரத்திலேயே பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம்தான். எழுதிக்கொடுத்தவர் உயிரோடு, ஊரில், நல்ல மனநிலையில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

எங்கள் மனைக்கு 113/2-இல் ஈசி போட்டால் இப்போது ஒரு வரி வருகிறது. ஆவணத்தின் தன்மை: பிழைத்திருத்தல். குறிப்பில் 1987-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் எண். எழுதிக்கொடுத்தவர்கள் நான்கு பேர், வாங்கியவர் பெயருக்கு நேரே அப்பா பெயர். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதலில் செக்குபந்தியைத்தான் படித்தார்.